தேடு, இடி, கட்டு – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

போலந்து நாட்டு எஸ்பிபி இசைக்குழுவைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கேட்டேன். (எஸ்பிபி என்று தமிழில் தேடினால் நம் பாலசுப்பிரமணியம்தான் வருகிறார். ஆங்கில எழுத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.) 1974ல் பதிவான அந்த மேடைக் கச்சேரி என்னைப் புரட்டிப் போட்டுவிட்டது. மூன்றே பேர் இப்படி வாசிக்க முடியுமா என்று இருந்தது.

அதே சூட்டோடு 1976ல் வந்த 'பாமியென்ச்', 1979ல் வந்த 'வெல்கம்' இரண்டையும் கேட்டேன். ஏமாற்றம்தான். கிதார் பின்னுக்குப் போய்விட்டது. எங்கு பார்த்தாலும் கீபோர்டு. 'வெல்கம்' ஆல்பத்தில் ஆங்கிலத்தில் சின்னச் சின்னப் பாட்டுகள் வேறு. இந்த ஐந்து வருடத்தில் இவர்களுக்கு என்ன ஆயிற்று? வெற்றிக்காக இளகிவிட்டார்களா? எது அசல் எஸ்பிபி?

அன்புடன்,
ஆர். கே.

*

அன்புள்ள ஆர். கே.,

முதல் ஆல்பத்திலிருந்து நேராக 'பாமியென்ச்'சுக்குத் தாவினால் யாருக்கும் இந்த ஏமாற்றம் வரும். ஆனால் அவர்கள் இளகிவிட்டார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் கிதாரின் பின்னாலேயே போயிருக்கிறீர்கள். கனத்த கீழ்ச் சுரங்களைத் தரும் பேஸ் கிதாரின் பின்னால் போயிருந்தால் வேறு கதை கேட்டிருக்கும்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். தெற்குப் போலந்தில் சிலேசியா. அதில் கத்தோவித்சே நகரை ஒட்டி ஷெமியனோவித்சே என்ற ஊர். நிலக்கரிச் சுரங்கம், எஃகு ஆலை, தொழிலாளர் குடியிருப்பு. 1971ல் அங்கே மூன்று பேர் சேர்ந்தார்கள். யூசெஃப் ஸ்க்ஷெக் பேஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடுவார். யெஷி பியோத்ரோவ்ஸ்கி டிரம்ஸ். கிதாருக்கு அப்போஸ்தோலிஸ் அந்திமோஸ், அதே ஊரில் பிறந்த கிரேக்கக் குடும்பத்துப் பையன், அப்போது பதின்ம வயது. குழுவுக்கு 'சைலீசியன் புளூஸ் பேண்ட்' என்று பெயர் வைத்தார்கள். அஸ்திவாரம் புளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த இசை. பின்னால் எத்தனை மாடி எழும்பினாலும் அந்த அஸ்திவாரம் அசையவில்லை என்பது என் எண்ணம்.

கொஞ்ச நாளிலேயே பாடகர் செஸ்வாவ் நியெமென் இந்த மூவரையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அன்றைய போலந்தில் நியெமென் என்றால் அத்தனை பெரிய பெயர். கூடவே டிரம்பெட்டுக்கு அன்ஜெய் பிஷிபியெல்ஸ்கி, டபுள் பேஸுக்கு ஹெல்முத் நதோல்ஸ்கி. இந்த இருவரும் ஜாஸின் கட்டற்ற பக்கத்தில் இருந்தவர்கள். 1972ல் மியூனிக் ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த கச்சேரியில் எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். அந்தக் காலத்துப் பதிவுகளைக் கேட்டால் ஒன்று தெரியும். பாட்டு எங்கே முடிகிறது, தேடல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. இன்னொருவர் கையில் டபுள் பேஸ் இருந்ததால்தான் ஸ்க்ஷெக்கின் கவனம் தாராளமாகப் பியானோ பக்கம் போயிற்று என்று நான் நினைக்கிறேன். நீங்கள் கேட்கும் மாற்றத்தின் விதை 1976ல் விழுந்தது இல்லை. இங்கேயே விழுந்துவிட்டது.

1973ல் நியெமெனைப் பிரிந்து வந்தார்கள். பழைய மூன்று எழுத்தை விடாமல் அதற்குப் புது விரிவு கொடுத்தார்கள்: ஷூக்காய், புஷ், புதுய். தேடு, இடி, கட்டு. மூன்றுமே ஏவல் வினை. தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கட்டளை.

உங்களைப் புரட்டிப் போட்ட முதல் ஆல்பம் 1974 ஏப்ரலில் வார்சாவின் ஸ்தொதோவா என்ற மாணவர் மன்றத்தில் பதிவானது. அந்தச் சொல்லுக்கு வைக்கோல் கொட்டகை என்று பொருள். முதல் ஆல்பத்தையே நேரடிக் கச்சேரியாக வெளியிடும் துணிச்சலைப் பாருங்கள். தட்டின் ஒரு பக்கத்துக்கு 'ஒத்லோத்', மறுபக்கத்துக்கு 'விஸ்யே'. அதை மறுபடி ஒரு தடவை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கிதார் என்று நீங்கள் நினைத்த சில இடங்களில் வாசிப்பது கிதாரே இல்லை. ஸ்க்ஷெக் தன் பேஸை ஃபஸ் பெடல் (காலால் மிதித்து ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) வழியாக விட்டு, உறுமலும் கீறலுமாக அதை முன்னணி வாத்தியமாக ஆக்கியிருக்கிறார். நான் முதல் முறை கேட்டபோது எனக்கும் இது பிடிபடவில்லை. ஒரு நாள் இரவில் ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டபோதுதான், கிதார் ஒரு பக்கம் தனியாக மெல்ல நகர்ந்துகொண்டிருக்க அந்த உறுமல் வேறெங்கோ இருந்து வருவது காதில் விழுந்தது. அதற்கப்புறம் இந்தக் குழுவை நான் வேறு மாதிரி கேட்கத் தொடங்கினேன்.

சரி, அந்த பேஸ் எங்கே போயிற்று? அது மினிமூக் சிந்தசைசருக்குள், அதாவது மின்னணு முறையில் ஒலி எழுப்பும் ஒரு கீபோர்டுக்குள் போயிற்று. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மினிமூக்கில் 44 கட்டைகள்தான். அதைவிட முக்கியம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் ஒலிக்கும். ஆர்கனைப் போல அடுக்கிக் கொட்ட முடியாது. அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகலாம், சக்கரத்தைத் திருப்பி சுரத்தை வளைக்கலாம், கரகரக்க வைக்கலாம். ஒற்றை வரியிலேயே முழு வாழ்க்கையும் வாழும் வாத்தியம் அது. பேஸ் வாசித்துப் பழகிய கைக்கு அது அந்நியமே இல்லை. 'பாமியென்ச்'சில் உங்களுக்குப் பரந்து கிடப்பதாகத் தோன்றும் கீபோர்டுக்கு நடுவே ஒரு ஒற்றைக் குரல் மேலெழுந்து வளைந்து வளைந்து போகும். அதுதான் ஸ்தொதோவாவில் உறுமிய அதே கை. உறுமுவதை விட்டுவிட்டு அழுகிறது.

அழுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆல்பத்தின் பெயருக்கே 'நினைவு' என்று அர்த்தம். முதல் பாட்டின் தலைப்பு 'உன் கைத்தொட்டிலில்', பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'அப்பாவுக்கு'. அடுத்தது 'யார் இரத்தத்திலிருந்து என் இரத்தமோ'. கடைசியில் இரண்டாம் பக்கம் முழுக்க ஓடும் 'நினைவு கல்லுக்குள் வேரோடுகிறது'. அப்பாவிடம் பேச வேண்டிய ஒருவன் ஃபஸ் பெடலை மிதித்துக்கொண்டா பேசுவான்? அவனுக்கு நிதானம் தேவைப்படுகிறது. இருபது நிமிடம் தேவைப்படுகிறது. இந்த மெதுவைத்தான் நீங்கள் இளகல் என்கிறீர்கள். எனக்கு அது எஸ்பிபி செய்ததிலேயே கடினமான வேலையாகத் தெரிகிறது.

இன்னும் சந்தேகம் என்றால் பியோத்ரோவ்ஸ்கியின் டிரம்ஸை மட்டும் கேளுங்கள். மேலே கீபோர்டு பனி மாதிரி படர்ந்திருக்கும்போதும் அவர் ஓர் அடிகூட மென்மையாக்குவதில்லை. மற்றவர்கள் சும்மா இருந்து இசை நின்றுவிடுமோ என்று தோன்றும் இடத்தில், டாம் டிரம்களின் மேல் உருட்டிக்கொண்டு வந்து அடுத்த பகுதியின் கதவைத் திறந்துவிடுவார். இவர் இல்லை என்றால் அந்த நீளமான பாட்டுகள் தொய்ந்து போயிருக்கும்.

'வெல்கம்' விஷயத்தில் ஓரளவு உங்கள் பக்கம்தான் நான். 1977 வாக்கில் இவர்களுடைய இசைத்தட்டுகள் கிழக்கு ஜெர்மனியில் அமிகா, செக்கோஸ்லோவாக்கியாவில் சுப்ராஃபோன், மேற்கு ஜெர்மனியில் இன்னொரு நிறுவனம் என்று எல்லை தாண்டத் தொடங்கிவிட்டன. மேற்கு ஜெர்மனிக்குப் போனபோது ஆங்கிலமும் கூடவே வந்தது. ஸ்க்ஷெக் போலிஷ் மொழியில், யூலியன் மதேயின் வரிகளைப் பாடும்போது சொல்லின் எடை முழுவதும் குரலில் இறங்கும். ஆங்கிலத்தில் அந்த எடை இல்லை. குரல் இருக்கிறது, ஆள் கொஞ்சம் தள்ளி நிற்கிறார். ஆனால் சின்னப் பாட்டு என்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்த ஆல்பத்தின் வாசிப்பு இறுக்கமானது. அந்திமோஸின் கிதாரும் அதில் நன்றாகவே பேசுகிறது. 1971ன் பையன் இப்போது எதைச் சொல்லாமல் விடலாம் என்று தெரிந்தவனாகிவிட்டான்.

அதற்கப்புறம் நான்காவது ஆளாக சுவாவோமிர் பிவோவார் வந்தார். 1980ல் குழு கலைந்தது. கலைந்த பிறகு 1981ல் கடைக்கு வந்த 'மெமென்தோ'வைத்தான் நான் நண்பர்களிடம் வற்புறுத்திக் கொடுப்பேன். ஒரு பக்கம் குட்டையான, முறுக்கான துண்டுகள். இன்னொரு பக்கத்தில் பழைய வழக்கப்படி இருபது நிமிடத் தலைப்புப் பாட்டு. ஸ்தொதோவாவின் முரட்டுத்தனம், 'பாமியென்ச்'சின் துயரம், 'வெல்கம்'மின் இறுக்கம் மூன்றும் அதில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. எது அசல் எஸ்பிபி என்ற கேள்வியை அதைக் கேட்டவர் கேட்க மாட்டார்.

பிற்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2000த்தில் குழு மீண்டும் கூடியபோது டிரம்ஸுக்கு உட்கார்ந்தவர் பால் வெர்ட்டிகோ, ஜாஸ் கிதார் கலைஞர் பாட் மெத்தேனியின் குழுவில் நெடுங்காலம் வாசித்த அமெரிக்கர். அவர் சிம்பல் என்ற உலோகத் தட்டுகளால் நெசவு செய்பவர். பியோத்ரோவ்ஸ்கி தோலை அறைபவர். அந்த ஒரு நாற்காலி மாறியதும் எஸ்பிபியின் மொத்த ஒலியும் ஜாஸ் பக்கம் சாய்ந்து, காற்றோட்டமாகிவிட்டது. 2002ன் 'நாஸ்த்ரோயே'வில் இது தெளிவாகக் கேட்கும். அழகான ஆல்பம், எனக்குப் பிடிக்கும். ஆனாலும் 2014ல் பியோத்ரோவ்ஸ்கி திரும்பி வந்து அதே மூவரும் மேடையேறினார்கள் என்று அறிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

நீங்கள் தாண்டிப் போன ஆல்பம் ஒன்று இருக்கிறது, 1975ல் வந்த 'நோவி ஹோரிசோந்த்'. 1974க்கும் 1976க்கும் நடுவில் பாலம் அதுதான். பியானோ ஒவ்வொரு படியாக பேஸின் இடத்தை எடுத்துக்கொள்வதை அதில் கண்ணால் பார்ப்பது போலக் கேட்கலாம். முதல் பக்கத்தில் நான்கு துண்டுகள். இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு: 'வோல்னோஷ்ச் ஸ் நாமி', சுதந்திரம் நம்மோடு. அந்த இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கேட்டுவிட்டு 'பாமியென்ச்'சுக்கு ஒரு முறை திரும்பிப் போய்விட்டு எழுதுங்கள்.