சாம் மானெக்‌ஷாவின் படைவாழ்வு: கேள்வி பதில்

ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாக இந்தியத் தரைப்படையின் வரலாற்றைப் படித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலோர் அவர் தரைப்படைத் தளபதியாக இருந்தபோது பாகிஸ்தானுடன் நடந்த 1971-ஆம் ஆண்டுப் போரைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். அந்தப் போருக்கு முந்தைய முப்பத்தேழு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அவர் மருத்துவராக விரும்பினார் என்று கேள்விப்பட்டேன். பிறகு எப்படிப் படையில் சேர்ந்தார்?

பதில்: உண்மைதான். 1914 ஏப்ரல் 3 அன்று அமிர்தசரஸில் ஒரு பார்சி மருத்துவரின் மகனாகப் பிறந்த அவர், தந்தையைப் போலவே மருத்துவம் படிக்க லண்டன் செல்ல ஆசைப்பட்டார். தனியாக வெளிநாட்டில் இருக்கும் வயது இன்னும் வரவில்லை என்று தந்தை மறுத்துவிட, அந்தக் கோபத்தில் டேராடூனில் புதிதாகத் தொடங்கப்படவிருந்த இந்திய ராணுவ அகாடமியின் நுழைவுத் தேர்வை எழுதி, 1932-இல் அதன் முதல் அணியில் சேர்ந்தார். அந்த அணியில் சேர்ந்த நாற்பது பேரில் பயிற்சியை முடித்து அதிகாரியானவர்கள் இருபத்திரண்டு பேர் மட்டுமே. தொடக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனில் சிறிது காலம் இருந்துவிட்டு, 12-ஆவது எல்லைப்புறப் படைப்பிரிவின் 4-ஆவது பட்டாலியனில் காலாட்படை அதிகாரியாகப் பொறுப்பேற்றார்.

கேள்வி: போர்க்களத்திலேயே அவருக்கு மிலிட்டரி கிராஸ் பதக்கம் கொடுக்கப்பட்டதாகச் சொல்வது மிகைப்படுத்தல் இல்லையா, ஐயா?

பதில்: மிகையில்லை, ஆனால் கொடுக்கப்பட்டது அந்த பிரிட்டிஷ் வீர விருதின் பதக்கமன்று, அதைக் குறிக்கச் சீருடையில் அணியும் நாடா. 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் முன்னேறி வர, 17-ஆவது இந்தியக் காலாட்படை டிவிஷன் சிட்டாங் ஆற்றுப் பாலத்தை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு அருகிலிருந்த குன்றை மீட்க, பிப்ரவரி 22 அன்று மானெக்‌ஷா தம் கம்பெனியை முன்னின்று நடத்திச் சென்றார். குன்று கைக்கு வந்த வேளையில் இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் அவர் வயிற்றைத் துளைத்தன. அவர் பிழைப்பது அரிது என்று கண்ட அந்த டிவிஷனின் மூத்த அதிகாரி டேவிட் கோவன், தம் சீருடையிலிருந்த மிலிட்டரி கிராஸ் நாடாவைக் கழற்றி அவர் மார்பில் குத்திவிட்டார். வெள்ளைத் துணியின் நடுவே ஊதாப் பட்டை ஓடும் சிறிய நாடா அது. இறந்தவருக்கு அந்த விருது வழங்கப்படுவதில்லை என்பதே அந்த அவசரத்துக்குக் காரணம். விருது 1942 ஏப்ரலில் அரசிதழில் முறைப்படி வெளியானது.

என்னை மிகவும் நெகிழச் செய்வது அடுத்து நடந்ததுதான். அவருடைய உதவியாளரான சிப்பாய் ஷேர் சிங், அவரைத் தூக்கிச் சுமந்து மருத்துவரிடம் கொண்டு சேர்த்தார். உயிர் பிழைக்க வாய்ப்பில்லை என்று முதலில் தயங்கிய அறுவை மருத்துவர், என்ன நேர்ந்தது என்று கேட்டபோது, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று மானெக்‌ஷா பதில் சொன்னதாகவும், இந்நிலையிலும் இப்படிப் பேசுகிறவரைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும் என்று மருத்துவர் முடிவெடுத்ததாகவும் சொல்வார்கள். குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தே அவரைப் பிழைக்க வைத்தார்கள். அந்த நாடாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஷேர் சிங்கின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: காலாட்படையில் பட்டாலியனுக்குத் தலைமை வகிப்பதுதான் ஒரு அதிகாரியின் வாழ்வில் முக்கியமான கட்டம் என்பார்கள். அவர் எந்தப் பட்டாலியனுக்குத் தலைமை வகித்தார்?

பதில்: எதற்கும் இல்லை என்பதே வியப்பான பதில். பிரிவினையின்போது அவருடைய படைப்பிரிவு பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. ஒரு கூர்க்கா பட்டாலியனின் பொறுப்பு அவருக்கு ஒதுக்கப்பட்டும், டெல்லியில் ராணுவ நடவடிக்கைகள் இயக்ககத்தில் அவர் தேவைப்பட்டதால் அதை ஏற்க முடியாமல் போயிற்று. 1947 அக்டோபரில், காஷ்மீர் இந்தியாவுடன் இணையவிருந்த வேளையில், சமஸ்தானங்கள் துறைச் செயலர் வி.பி. மேனனுடன் ஸ்ரீநகருக்குப் பறந்து நிலைமையைக் கண்டுவந்து அரசுக்கு எடுத்துரைத்தவர் அவரே. பின்னர் பெரோஸ்பூரில் காலாட்படை பிரிகேட், மோவில் காலாட்படைப் பள்ளி, ஜம்முவில் 26-ஆவது டிவிஷன் என்று பொறுப்புகள் வளர்ந்தன. 8-ஆவது கூர்க்கா ரைபிள்ஸின் கர்னல் என்ற கௌரவப் பதவியும் கிடைத்தது. ‘சாம் பகதூர்’ என்ற பெயர் அந்தப் படைப்பிரிவின் வீரர் ஒருவர் வாயிலிருந்து வந்ததுதான்.

கேள்வி: அவர்மீது தேசவிரோதக் குற்றச்சாட்டு எழுந்தது உண்மையா?

பதில்: உண்மை. 1961-இல், வெலிங்டன் பாதுகாப்புப் படைப்பிரிவு ஊழியர் கல்லூரியின் தலைவராக அவர் இருந்தபோது விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுக்கும் அவருக்கும் முன்பே மனக்கசப்பு இருந்தது. தரைப்படைத் தளபதி திம்மய்யாவைப் பற்றி அமைச்சர் கருத்துக் கேட்டபோது, மேலதிகாரியைப் பற்றி அப்படிக் கருத்துச் சொல்வது முறையன்று என்று அவர் மறுத்திருந்தார். விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. 1962-இல் சீனாவிடம் கண்ட தோல்விக்குப் பிறகு, நிலைகுலைந்து நின்ற 4-ஆவது கோரின் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார்கள். அதன் தலைமையகம் இருந்த அசாமின் தேஜ்பூர் சேர்ந்ததும், எழுத்துமூலமான உத்தரவு இல்லாமல் இனி எவரும் பின்வாங்கக் கூடாது என்றும், அப்படியோர் உத்தரவு ஒருபோதும் வராது என்றும் அறிவித்தார். அவர் பெற்ற விருதுகள் அனைத்தையும்விட இந்த இரண்டு ஆண்டுகளில் அவர் காட்டிய நிதானத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: 1971 ஏப்ரலில் பிரதமரிடமே “இப்போது முடியாது” என்று சொன்னாராமே?

பதில்: அது அவரே பிற்காலத்தில் பலமுறை சொன்ன செய்தி. மழைக்காலம் தொடங்கிவிட்டால் கிழக்கு வங்கத்தின் ஆறுகள் கடலாகிவிடும். இமயக் கணவாய்கள் திறந்திருக்கும் மாதங்களில் சீனா தலையிடக்கூடும். படைகளை நகர்த்த வேண்டிய ரயில் பெட்டிகள் அறுவடைக் காலத்தில் தானியத்துக்குத் தேவைப்படும் என்பவை அவர் காட்டிய காரணங்கள். இந்திரா காந்தியே அப்போது உடனடிப் போரை விரும்பவில்லை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். ஆகவே அந்தச் சந்திப்பை முழுக்க ஒருவருடைய வெற்றியாகச் சொல்ல நான் தயங்குகிறேன். ஆனால் கிடைத்த மாதங்களை அவர் வீணாக்கவில்லை என்பதில் ஐயமில்லை. டிசம்பர் 3 அன்று தொடங்கிய போர் 16-ஆம் தேதி டாக்காவில் முடிந்தது. பாகிஸ்தான் தரப்பில் சுமார் 93,000 பேர் சிறைப்பிடிக்கப்பட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் சரணாகதி ஒப்பந்தத்தில் அவர் ஏன் கையெழுத்திடவில்லை?

பதில்: அந்தப் பெருமை களத்தில் நின்ற கிழக்குப் படைத் தளபதி அரோராவுக்கே உரியது என்று கூறி, அவர் டாக்கா போகவில்லை.

கேள்வி: ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வு கிடையாது என்கிறார்களே?

பதில்: ஆம், தரைப்படையின் மிக உயர்ந்த பதவியான அது வாழ்நாள் பதவி. 1973 ஜனவரியில் அந்தப் பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவர்; இரண்டாமவரான கரியப்பாவுக்கு 1986-இல் வழங்கப்பட்டது. ஆனால் பதவிக்குரிய ஊதியம் முறையாகக் கொடுக்கப்படவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட நிலுவையாகச் சுமார் 1.3 கோடி ரூபாய் 2007-இல்தான் அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூற்று மூன்று.

கேள்வி: நான் குன்னூர்க்காரன். அவர் எங்கள் ஊரில் வாழ்ந்ததைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் ஊரில் அவர் கட்டிக்கொண்ட வீட்டுக்கு ‘ஸ்டாவ்கா’ என்று பெயர், ரஷ்ய மொழியில் படைத் தலைமையகத்தைக் குறிக்கும் சொல் அது. 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். இறுதிச் சடங்குக்குக் குடியரசுத் தலைவரோ பிரதமரோ முப்படைத் தளபதிகளோ வரவில்லை. மத்திய அரசின் சார்பில் பாதுகாப்புத் துறை இணையமைச்சர் வந்தார். அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை. உதகையில் உள்ள பார்சி கல்லறைத் தோட்டத்தில் மனைவி சில்லூவின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். குன்னூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.