சைட் இன்ஜினியர் மேலாளர் ஆக என்ன படிக்க வேண்டும்?

கேள்வி: சிவில் முடித்து நான்கு வருடமாக சைட் இன்ஜினியராக இருக்கிறேன். கம்பி செக் பண்ணுவது, கான்கிரீட் போடுவது, மேஸ்திரிகளிடம் வேலை வாங்குவது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் மீட்டிங்கில் புரோகிராம், கேஷ் ஃப்ளோ, கிளெய்ம் என்று பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் திறப்பதில்லை. புராஜெக்ட் மேனேஜர் ஆக வேண்டும் என்பது ஆசை. கட்டுமானத் திட்ட மேலாண்மையில் முதுநிலைப் படிப்பு சேரலாமா, எம்.பி.ஏ. நல்லதா, இல்லை பிரைமவேரா என்ற திட்டமிடல் மென்பொருளும், பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழும் போதுமா? வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: எதைப் படிக்க வேண்டும் என்பதை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். புரோகிராம், கேஷ் ஃப்ளோ, கிளெய்ம். அதாவது வேலைகளின் கால அட்டவணை, பணவரத்து, கூடுதல் நாளோ பணமோ கேட்பது. சுருக்கமாக நேரம், பணம், ஒப்பந்தம். இந்த மூன்றையும் ஆழமாகச் சொல்லித்தரும் முதுநிலைப் படிப்பு கிடைத்தால் சேருங்கள். எம்.பி.ஏ. இப்போதைக்கு வேண்டாம். சந்தைப்படுத்தலும் நிறுவன உத்தியும் பத்து வருடம் கழித்து, ஒரு கிளையையோ கம்பெனியையோ நடத்தும்போது பயன்படும். அடுத்த மாத பில்லுக்குப் பயன்படாது. பிரைமவேராவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதை உங்களுக்குத் தெரிந்த வேலையை வைத்தே பார்ப்போம்.

24 மீட்டருக்கு 15 மீட்டர், 150 மி.மீ. கனத்தில் ஒரு தளம். பரப்பு 360 சதுர மீட்டர், கான்கிரீட் 54 கன மீட்டர். கன மீட்டருக்கு 80 கிலோ என்று வைத்தால் கம்பி 4,320 கிலோ. இதுவரை நீங்கள் தினமும் போடும் கணக்கு. மேலாளரின் கணக்கு இதற்கு அடுத்த வரியில் தொடங்குகிறது. ஒரு தச்சரும் உதவியாளரும் நாளைக்கு 10 சதுர மீட்டர் சென்ட்ரிங் அடிப்பார்கள் என்றால், 6 ஜோடிக்கு 6 நாள். கம்பி கட்டும் ஜோடி ஒன்று நாளைக்கு 175 கிலோ கட்டினால், 5 ஜோடிக்கு 5 நாள். இந்த 10, 175 என்ற எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் சைட்டின் எண்ணை நீங்கள்தான் அளந்து எடுக்க வேண்டும்: ஒரு மாதம் தினமும் மாலையில் எத்தனை ஆள், எவ்வளவு அளவு வேலை என்று குறித்தாலே கிடைத்துவிடும். மழை நாளையும், சாமான் வராமல் சும்மா உட்கார்ந்த நாளையும் தனியாகக் குறியுங்கள். சராசரியில் கலந்துவிட்டால் உண்மையான வேகம் தெரியாமல் போகும்.

சென்ட்ரிங் முழுக்க முடியும்வரை கம்பி காத்திருக்க வேண்டாம். நான்கு நாள் முடிந்ததும் ஐந்தாம் நாள் கம்பி ஆரம்பிக்கலாம். ஆக, 1 முதல் 6 வரை சென்ட்ரிங், 5 முதல் 9 வரை கம்பி, 10-ஆம் நாள் பைப் பதித்தலும் சரிபார்ப்பும், 11-ஆம் நாள் கான்கிரீட். புதிதாக புரோகிராம் போடுபவர்கள் அநேகமாகச் செய்யும் தவறு இந்த இடத்தில்தான் வரும். ‘சென்ட்ரிங் தொடங்கி 4 நாள் கழித்துக் கம்பி தொடங்கும்’ என்ற இணைப்பை மட்டும் மென்பொருளில் கொடுப்பார்கள். ‘சென்ட்ரிங் முடிந்து குறைந்தது 3 நாள் கழித்துத்தான் கம்பி முடியும்’ என்ற இன்னொரு இணைப்பை விட்டுவிடுவார்கள். சைட்டில் சென்ட்ரிங் 6 நாளுக்குப் பதில் 9 நாள் இழுத்தாலும், திரையில் கம்பி அதே 9-ஆம் நாள் முடிந்ததாகவே நிற்கும். பலகையே இல்லாத இடத்தில் கம்பி கட்டியதாகக் காட்டும் புரோகிராம் அது. மூன்று நாள் தாமதம் அதில் பதிவே ஆகாது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 11-ஆம் நாள் தளம் போட்டாயிற்று. 12 முதல் 15 வரை மேல்மாடித் தூண்கள். 16-ஆம் நாள் அடுத்த தளத்துக்கு சென்ட்ரிங் என்று புரோகிராம் சொல்லும். ஆனால் ஷீட்டும் முட்டும் கீழ்த்தளத்தின் அடியில் இருக்கின்றன. 14 நாள் கழித்துத்தான் பிரிக்கலாம் என்று உங்கள் ஸ்பெசிஃபிகேஷன் சொன்னால், 25-ஆம் நாள் பிரித்து 26-ஆம் நாள்தான் மேலே தொடங்க முடியும். ஒரு மாடிக்கு 10 நாள் போயிற்று. 8 தளம் என்றால் நடுவில் 7 இடைவெளி, மொத்தம் 70 நாள். யாரும் சோம்பேறித்தனமாக இல்லை, ஆள் பற்றாக்குறையும் இல்லை. சென்ட்ரிங் சாமான் ஒரே செட்தான் என்பதை யாரும் புரோகிராமில் ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது செட்டின் வாடகை எவ்வளவு, 70 நாளுக்கு சைட் ஆபீஸ், கிரேன், சூப்பர்வைசர் சம்பளம், தாமத அபராதம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று இரண்டையும் எதிரெதிரே எழுதிப் பார்த்து, வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்பவர்தான் மேலாளர். இடைப்பட்ட வழிகளும் உண்டு: முட்டுகளை நிறுத்தி வைத்தபடி ஷீட்டை மட்டும் முன்னதாகக் கழற்றும் அமைப்புகள் இருக்கின்றன. எது என்றாலும், டிசைன் இன்ஜினியர் ஒப்புதல் இல்லாமல் பிரிக்கும் நாளைக் குறைக்கக் கூடாது.

இந்தக் கணக்குக்குப் பேனாவும் தாளும் போதும். கிரிட்டிக்கல் பாத் முறை (எந்த வேலைகள் தள்ளினால் மொத்தத் திட்டமே தள்ளிப்போகும் என்று கண்டுபிடிக்கும் முறை) 1950-களின் கடைசியில் டூபான்ட் நிறுவனத்தின் ஆலை வேலைகளுக்காக உருவானது. முன்னோக்கிக் கூட்டி, பின்னோக்கிக் கழித்து, எந்த வேலை எத்தனை நாள் தள்ளிப்போக இடம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் அதன் உயிர். 15 வேலைகளை வைத்துக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதன்பிறகு பிரைமவேரா ஒரு வாரத்தில் வந்துவிடும். கையால் போடத் தெரியாமல் மென்பொருள் கற்றால், பட்டன்கள் மட்டும்தான் தெரியும்.

கூடவே, சைட்டில் கண்ணுக்குத் தெரியாத வேலைகளையும் புரோகிராமில் எழுதப் பழகுங்கள். லிஃப்ட், மின் பேனல், ஏ.சி. இயந்திரம் போன்றவை வருவதற்கு முன் டிராயிங் சமர்ப்பிப்பு, கன்சல்டன்ட் ஒப்புதல், ஆர்டர், தயாரிப்பு, போக்குவரத்து என்று ஐந்து படி இருக்கிறது. பொருத்தும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒப்புதல் முதல் சுற்றிலேயே கிடைத்துவிடும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு சுற்றுக்கு இடம் விடுங்கள்.

அடுத்தது பணம். லாபமும் பணவரத்தும் வேறுவேறு என்பது இந்தத் துறையில் இருக்கும் பலருக்கே தாமதமாகத்தான் உறைக்கிறது. மாதம் 100 அலகு மதிப்புள்ள வேலை செய்கிறீர்கள், செலவு 90 என்று வையுங்கள். மாதக் கடைசியில் பில் கொடுத்தால் 56 நாள் கழித்துப் பணம். உலகம் முழுக்கப் புழங்கும் ஃபிடிக் என்ற மாதிரி ஒப்பந்தத்தின் 1999 சிவப்புப் புத்தகத்தில் உள்ள கெடு அது. முதல் மாத பில் கைக்கு வரும்போது மூன்றாம் மாதமும் முடியப்போகிறது. அதற்குள் 270 செலவாகியிருக்கும். வருவது 100-கூட அல்ல. ரிடென்ஷன் (பில்லில் உத்தரவாதமாகப் பிடித்து வைக்கும் தொகை) 10 சதவீதம் பிடித்தால் 90. உங்கள் 10 லாபம் முழுவதும் கிளையண்டிடமே தங்கிவிட்டது. அதில் பாதித் தொகை, வேலையை ஒப்படைக்கும்போதும், மீதி குறைதீர்ப்புக் காலம் முடிந்த பிறகும் வரும். காகிதத்தில் லாபம் காட்டும் சைட்டில் கூலி கொடுக்கப் பணமில்லாமல் போவது இப்படித்தான். அட்வான்ஸ், சப்ளையரிடம் கடன் நாள், சப் காண்ட்ராக்டருக்குக் கொடுக்கும் தேதி, இவற்றை நகர்த்தி அந்த 270-ஐ எவ்வளவு குறைக்கலாம் என்று ஒரு எக்செல் தாளில் போட்டுப் பாருங்கள். கேஷ் ஃப்ளோ பற்றி மீட்டிங்கில் பேசுவதற்கு அதுவே போதுமான பயிற்சி.

செலவுக் கட்டுப்பாட்டில் ‘ஏர்ன்ட் வேல்யூ’ (முடிந்த வேலையை அதன் பட்ஜெட் மதிப்பில் அளப்பது) என்று ஒன்று படிப்பீர்கள். மொத்த பட்ஜெட் 100, இன்றைக்குள் 40 அளவு வேலை முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 32, செலவானது 36. 32-ஐ 40-ஆல் வகுத்தால் 0.80, அது கால வேகம். 32-ஐ 36-ஆல் வகுத்தால் 0.89, அது செலவுத் திறன். இதே போக்கில் போனால் 100-க்குப் பதில் 112.5 செலவாகும். தேர்வுக்கு இது போதும். சைட்டுக்குப் போதாது. கால வேகத்தைக் காட்டும் அந்த எண் பணமதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கிரிட்டிக்கல் பாத்தில் இருக்கும் வாட்டர் ப்ரூஃபிங்கை விட்டுவிட்டு, விலையுயர்ந்த கிரானைட்டை முன்கூட்டிப் பதித்தாலே எண் ஏறிவிடும், கட்டடமோ தாமதமாகிக்கொண்டிருக்கும். இன்னொன்று, எவ்வளவு தாமதமாக முடிந்த வேலையிலும் கடைசி நாளில் அந்த எண் 1-க்கு வந்துவிடும். ஆகவே வேலையின் பின்பாதியில் அதை நம்பாமல், கிரிட்டிக்கல் பாத்தையே பாருங்கள்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். இது நல்ல இன்ஜினியர்கள் கூடச் சறுக்கும் இடம். மேலே சொன்ன 1999 ஃபிடிக்கில், கூடுதல் நாளோ பணமோ கேட்க வேண்டிய நிலைமை வந்தால், அது தெரிந்த நாளிலிருந்து (அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து) 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 29-ஆம் நாள் கொடுத்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் உரிமை போய்விடும். கணக்கு முழுதும் தயாராகட்டும் என்று காத்திருப்பதுதான் வழக்கமான தவறு. நோட்டீஸுக்குக் கணக்கு தேவையில்லை. என்ன நடந்தது, எப்போது நடந்தது, எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறோம் என்று நாலு வரி போதும். விவரமான கிளெய்ம் பிறகு போகும்.

அதே ஒப்பந்தத்தில் வாய்மொழி உத்தரவுக்கும் வழி இருக்கிறது. கிளையண்ட் தரப்பு இன்ஜினியர் சைட்டில் நின்று “இந்தச் சுவரை இடித்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டு வேலை நாளுக்குள் ‘நீங்கள் இன்று இப்படிச் சொன்னீர்கள்’ என்று எழுத்தில் அனுப்ப வேண்டும். அவர் அடுத்த இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் மறுக்கவோ வேறு உத்தரவு தரவோ இல்லையென்றால், உங்கள் கடிதமே எழுத்து உத்தரவாகிவிடும். உங்கள் சைட்டின் ஒப்பந்தத்தில் இந்த நாட்கள் வேறாக இருக்கலாம். ஆகவே பொதுப் புத்தகத்தைவிட, ஆபீஸில் இருக்கும் அந்த ஃபைலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். முதல் வாசிப்பில் நோட்டீஸ், பணம் கொடுத்தல், வேரியேஷன் (வேலையில் மாற்றம்), கால நீட்டிப்பு, முறிவு என்ற ஐந்து பிரிவுகள் மட்டும் போதும். ஒவ்வொன்றிலும் வரும் நாள் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். தினசரி ரிப்போர்ட்டை இன்றே மாற்றிக்கொள்ளலாம். ‘வேலை நடந்தது’ என்று எழுதாமல், எந்த கிரிட்டில் எத்தனை ஆள், எந்த இயந்திரம் எத்தனை மணி நேரம் சும்மா நின்றது, எந்த டிராயிங் வராததால் என்று எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து வரும் தகராறில் பேசப்போவது அந்த ஒரு வரிதான்.

இப்போது படிப்பைத் தேர்ந்தெடுப்பது. பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள். எஸ்டிமேஷன், திட்டமிடல், செலவுக் கட்டுப்பாடு, ஒப்பந்தச் சட்டம், கொள்முதல், பாதுகாப்பு ஆகியவை தனித்தனிப் பாடமாக இருக்க வேண்டும். ‘தலைமைப் பண்பு’ என்ற தலைப்பில் மூன்று பாடமும், ஒப்பந்தத்துக்கு அரைப் பாடமும் இருந்தால் வேறு இடம் தேடுங்கள். சேர்வதற்கு முன் பழைய மாணவர் இருவரிடம், ஒரு முழு ஒப்பந்தத்தைப் படிக்க வைத்தார்களா, ஒரு முழு பி.ஓ.க்யூ.வுக்கு (வேலை அளவுப் பட்டியலுக்கு) ரேட் போட வைத்தார்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் அது மேடைப்பேச்சுப் படிப்பு. வெளிநாட்டு வேலை நோக்கம் இருந்தால், சி.ஐ.ஓ.பி., ஆர்.ஐ.சி.எஸ். போன்ற தொழில்முறை அமைப்புகளின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆய்வுக்கட்டுரைக்கு ‘தாமதத்துக்கான காரணங்கள்’ என்று கேள்வித்தாள் சுற்றுக்கு விடும் வேலையை எடுக்காதீர்கள். நூலகங்களில் அது மலைபோல் குவிந்து கிடக்கிறது. உங்கள் சைட்டில் அளந்த சென்ட்ரிங் வேகத்தை வைத்து எழுதினால், இன்டர்வியூவில் அரை மணி நேரம் பேச அதுவே உதவும். ஆனால் கம்பெனித் தரவை வெளியே எடுக்க அனுமதி வாங்கிவிடுங்கள்.

பி.எம்.பி.க்குப் பட்டதாரிகள் 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் காட்ட வேண்டும். உங்கள் நான்கு வருடத்தில் எவ்வளவு ‘வழிநடத்தியது’ என்று கணக்காகும் என்பதை நேர்மையாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். அது எந்தத் துறைக்கும் பொதுவான சான்றிதழ். கட்டுமான ஒப்பந்தத்தையோ அளவெடுப்பையோ அது சொல்லித்தராது. விண்ணப்பத்தில் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து எழுதலாம்.

வேலையை விடுவது பற்றி. பகுதி நேரப் படிப்பு கிடைத்தால் அதுதான் உங்களுக்குச் சிறந்தது. காலையில் கேட்ட பாடத்தை மாலையில் சைட்டில் சோதிக்கலாம். முழுநேரப் படிப்புதான் என்றால், வேலையை விடும் மாதத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். இப்போதைய கட்டடம் முடியும் தறுவாயில் இருந்தால் கிளம்ப வேண்டாம். இளம் இன்ஜினியர்கள் பெரும்பாலும் ஃபினிஷிங் தொடங்கியதும் அடுத்த சைட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஸ்னாக் லிஸ்ட் (சரிசெய்ய வேண்டிய குறைகளின் பட்டியல்), ஆஸ்-பில்ட் டிராயிங் (கட்டி முடித்தபடியான வரைபடம்), வேரியேஷன் பேச்சுவார்த்தை, ஃபைனல் பில் ஆகியவற்றைப் பார்த்ததே இல்லாமல் மேலாளர் ஆகிறார்கள். பில்லிங் இன்ஜினியரிடம் போய், ஃபைனல் பில்லில் ஒரு பகுதியின் அளவெடுப்பை நான் செய்கிறேன் என்று கேளுங்கள். யாரும் விரும்பிச் செய்யாத வேலை என்பதால் உடனே கொடுத்துவிடுவார். கிளையண்ட் தரப்பு அந்த அளவுகளை வெட்டிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரும்வரை இருங்கள். எந்த வரியை, எந்த ஆவணம் இல்லாததால் வெட்டினார்கள் என்று பட்டியல் எடுத்துக்கொண்டு வகுப்பில் போய் உட்காருங்கள்.