இரண்டு நாள் லீவில் எந்த ஜூவுக்குப் போகலாம்? கேள்வி பதில்

தென்னிந்தியாவில் உள்ள உயிரியல் பூங்காக்களைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் தொகை குறிப்பிடவில்லை. அந்தந்தப் பூங்காவின் இணையதளத்தில் டிக்கெட் எடுக்கும்போதே தெரிந்துவிடும்.

மதுரையிலிருந்து: சார், சனி ஞாயிறு மட்டும்தான் லீவு. பிள்ளைகளுக்கு 4 வயதும் 9 வயதும். வண்டலூரா, மைசூரா?

மிருகங்களை மட்டும் வைத்துச் சொல்வதானால் மைசூரு. ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், ஆப்பிரிக்க யானை எல்லாம் ஒரே சுற்றில் வந்துவிடும். 2021இல் ஜெர்மனியிலிருந்து வந்த இரண்டு கொரில்லாக்களும் அங்கேதான் இருக்கின்றன. 157 ஏக்கர்தான் என்பதால் கூண்டுக்குக் கூண்டு தூரம் குறைவு. சுமார் 3 கி.மீ. நடை. நாலு வயதுப் பிள்ளை தாங்கும்.

ஆனால் உங்கள் கணக்கில் ரயில் நேரம் இடிக்கிறது. தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸ் மதுரை வழியாகத்தான் போகிறது என்றாலும் மைசூரு சேரும்போது காலையில் பாதி போயிருக்கும். பத்து மணிக்கு மேல் அறை பிடித்து, குளித்து, சாப்பிட்டு உள்ளே நுழைந்தால் புலியும் சிங்கமும் நிழலில் புரண்டுகொண்டிருக்கும். வெள்ளி இரவு கிளம்பினால் சனிக்கிழமை அரண்மனை, ஞாயிறு காலை எட்டரைக்கு ஜூ வாசல் என்று வையுங்கள். திங்கள் காலை பள்ளிக்கூடம் இருந்தால் இது சரிப்படாது.

அப்படியானால் வண்டலூர். பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை தாம்பரத்தில் இறங்கலாம். பஸ் என்றால் கிளாம்பாக்கத்திலேயே இறக்கிவிடுவார்கள், பூங்கா பக்கத்தில்தான். பெட்டியை அறையில் போட்டுவிட்டு 9 மணிக்குத் திறக்கும்போது வாசலில் நிற்கலாம். எந்த ஊர் ஜூவாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: திறக்கும் நேரத்துக்கு நீங்கள் வாசலில் இருக்க முடியுமா? முடியாத பெரிய ஜூவைவிட முடிகிற சின்ன ஜூ மேல்.

சேலத்திலிருந்து: செவ்வாய்க்கிழமை ஒரு நாள் சென்னையில் இருப்போம். வண்டலூர் போகலாமா அண்ணா?

செவ்வாய் வண்டலூருக்கு வார விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவும் அதை ஒட்டிய பாம்புப் பண்ணையும் அன்றைக்கே மூடல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை திறந்திருக்கும். அதற்குத் திங்கள்தான் லீவு.

இதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் லீவு: வண்டலூர், மைசூரு, பெங்களூரு பன்னேருகட்டா. திங்கள் லீவு: திருவனந்தபுரம், ஹைதராபாத் நேரு பூங்கா, முதலைப் பண்ணை. பொங்கல், கோடை லீவு போன்ற கூட்ட நாட்களில் சில செவ்வாய்களில் வண்டலூரைத் திறப்பதுண்டு. அறிவிப்பைப் பார்க்காமல் நம்பிப் போகாதீர்கள்.

அதே சேலத்துக்காரர்: முதலையை மட்டும் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா?

மாமல்லபுரம் போகிறீர்கள் என்றால் வழியிலேயே இருக்கிறது, தனியாகப் போக வேண்டாம். 1976இல் பாம்பு, முதலை ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய இடம். சதுப்பு நில முதலை, உவர்நீர் முதலை, நீள மூக்குள்ள கரியால் மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் பிடிபடும். இடம் சின்னது, இரண்டு மணி நேரம் போதும். இன்னொரு வசதி: மதியத்தில் புலி, கரடி எல்லாம் ஒதுங்கிவிடும். முதலை எங்கேயும் போகாது. வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடந்தால் பொம்மை என்று நினைத்துக் கல்லெறிகிறவர்கள் உண்டு. அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி. பிள்ளைகளிடம் முன்னாடியே சொல்லிவையுங்கள்.

கோவையிலிருந்து: முன்பெல்லாம் வ.உ.சி. பூங்காவிலேயே பார்த்துவிடுவோம். இப்போது பக்கத்தில் எது?

வ.உ.சி. பூங்கா மிருகக்காட்சி சாலைக்கு மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022இல் அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டது. இடம் போதாததுதான் முக்கியக் குறை. காரில் என்றால் உங்களுக்கு மைசூருதான். சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர் வழியாக ஏறக்குறைய 200 கி.மீ. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால் காலை 6 மணிக்கு பண்ணாரி சோதனைச்சாவடியில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள். போன அன்றைக்கே ஜூவை முடிக்கப் பார்க்காதீர்கள். மலைப்பாதையில் வாந்தி எடுத்த பிள்ளையை இழுத்துக்கொண்டு மதிய வெயிலில் 3 கி.மீ. நடப்பது வீண். மறுநாள் காலைக்கு வையுங்கள்.

ஊட்டி வழியாகத் திரும்புவதானால் இரண்டு விஷயம். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும்.

திருப்பூரிலிருந்து: என் மகளுக்கு யானைதான் பார்க்கணும். எந்த ஜூவில் யானை அருகில் தெரியும்?

யானைக்காக ஜூவைத் தேடாதீர்கள். யானைகளை ஜூக்களிலிருந்து முகாம்களுக்கு மாற்றச் சொல்லி 2009இல் உத்தரவு வந்ததிலிருந்து எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. மைசூரில் பார்க்கலாம், அகழிக்கு அந்தப் பக்கம் நிற்கும். அவள் ஆசைக்கு முதுமலை தெப்பக்காடு முகாம்தான் சரி. காலையிலும் மாலையிலும் கேழ்வரகுக் களி உருண்டை ஊட்டும் நேரத்தில் பார்வையாளர்களை விடுவார்கள். காலை எட்டரைக்கு அங்கே இருந்தால் தவறாது.

பெங்களூரிலிருந்து: ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், எழுபது வயதுக்கு மேல். பன்னேருகட்டா அலைச்சலாக இருக்குமா?

நடக்க முடியாதவர்களுக்குப் பன்னேருகட்டாவே நல்லது. சஃபாரி பஸ்ஸில் உட்கார்ந்தபடி மான், காட்டெருமை, கரடி, சிங்கம், புலி என்று வரிசையாக வரும். 2024 ஜூனில் சிறுத்தை சஃபாரியும் சேர்ந்தது, 20 ஹெக்டேர் அடைப்பு. அலைச்சல் உள்ளே கிடையாது, போகிற வழியில்தான். பன்னேருகட்டா சாலையின் நெரிசலுக்கு முன்னால் வீட்டைவிட்டுக் கிளம்பி, காலை முதல் சஃபாரிகளில் ஒன்றை இணையத்தில் பதிவு செய்யுங்கள். விடுமுறை நாளில் நேரில் போய் டிக்கெட் வாங்கினால் சஃபாரிக்கே ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிற்கும்படி ஆகலாம். பெரியவர்களுக்கு அதுதான் தாங்காது. பட்டாம்பூச்சிப் பூங்கா தனி நடை, தெம்பு இருந்தால் மட்டும்.

நாகர்கோவிலிலிருந்து: திருவனந்தபுரம் ஜூ நன்றாக இருக்குமா? சிலர் பழசு என்கிறார்கள்.

பழசுதான், 1857இல் தொடங்கியது. 55 ஏக்கர், ஊர் நடுவில். மரங்கள் அவ்வளவு அடர்த்தி, மே மாதத்திலும் நடக்கலாம். குறை என்றால் ஏற்ற இறக்கம், சில கூண்டுகள் பழைய பாணி. உங்கள் ஊரிலிருந்து காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். அதே வளாகத்தில் நேப்பியர் மியூசியம். ஒரு நாள் பயணத்துக்கு இதைவிடத் தோதானது உங்களுக்கு இல்லை. வண்டலூருக்காகப் பன்னிரண்டு மணி நேரம் ரயிலில் உட்காராதீர்கள்.

விழுப்புரத்திலிருந்து: வண்டலூரை முழுசா சுற்ற எவ்வளவு நேரம் ஆகும்? போன தடவை பாதிதான் பார்த்தோம்.

முழுசாகச் சுற்றணும் என்ற எண்ணத்தை விடுங்கள். 600 ஹெக்டேர் இடம், நடந்தே முடிக்க நினைத்தால் பிள்ளைகள் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு, வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் பறவைக் கூண்டுகளிலேயே ஒரு மணி நேரத்தைக் கரைப்பது. பறவை மத்தியானமும் தெரியும். காலையில் நேராகப் புலி, சிங்கம், சிம்பன்சி பக்கம் போங்கள். 11 மணிக்கு மேல் பாம்பு வீடு, இரவு விலங்குக் கூடம் மாதிரி நிழலான இடங்கள். நடக்கப் பிடிக்காதவர்களுக்கு பேட்டரி வண்டி, பெரிய பிள்ளைகளுக்கு வாடகை சைக்கிள். இரண்டுக்கும் மதியத்தில் வரிசை நீளும், வந்தவுடன் எடுத்துவிடுங்கள்.

நிழலை நம்பாதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டது. தொப்பியும் தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் கட்டாயம். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போனால் ஓட்டேரி ஏரியில் வலசை வந்த பறவைகளும் கிடைக்கும். காணும் பொங்கலன்று மட்டும் போகவே போகாதீர்கள். மனுஷத் தலையைத்தான் பார்ப்பீர்கள்.

திருச்சியிலிருந்து: இரை போடும் நேரம் தெரிந்தால் சரியாக அப்போது போய் நிற்கலாமே?

புலி, சிங்கங்களுக்கு நம் ஊர் ஜூக்களில் பெரும்பாலும் சாயங்காலம், உள்கூண்டில்தான் இறைச்சி வைப்பார்கள். நமக்குத் தெரியாது. ஆனால் அதற்கு முந்தைய அரை மணி நேரம் அவை உள்ளே போகும் கதவருகே குறுக்கும் நெடுக்கும் நடக்கும். காலை முதல் மணியை விட்டவர்களுக்கு அடுத்த நல்ல வாய்ப்பு நாலு மணிக்கு மேல். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடும் வழக்கம் உண்டு, அது பெரும்பாலும் பூங்கா மூடியிருக்கும் நாளே.

புதுச்சேரியிலிருந்து: வெள்ளைப் புலி அரிதான இனமாமே, அதற்காகவே வண்டலூர் போகலாமா?

தனி இனம் கிடையாது. 1951இல் மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வம்சத்தை உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை செய்து பெருக்கியவை. மாறுகண் போன்ற கோளாறுகளும் அவற்றில் உண்டு. பிள்ளைகள் ஆசைப்பட்டால் காட்டுங்கள், அதற்காக ஊரை மாற்ற வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து: கேமரா கொண்டுபோகிறேன். கம்பி வலை படத்தில் விழாமல் எடுக்க முடியுமா?

முடியும். தடுப்பைத் தாண்டாமல் நின்றபடி லென்ஸை வலைக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ கொண்டுபோங்கள். லென்ஸின் துளையை (அபெர்ச்சர்) முழுக்கத் திறந்து வையுங்கள். மிருகம் வலையை விட்டுத் தள்ளி நிற்கும்போது எடுங்கள். மூன்றும் சேர்ந்தால் வலை மங்கி மறைந்துவிடும். வெயில் விழும் வலை வெளுத்துத் தெரியும், நிழல் விழும் பக்கமாக நின்றுகொள்ளுங்கள். கண்ணாடி என்றால் லென்ஸ் ஹூடை கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், ஃபிளாஷ் போடவே கூடாது. கேமராவுக்கு வாசலில் தனிச் சீட்டு வாங்க வேண்டும். பையில் சிப்ஸ் பாக்கெட் இருந்தால் வெளியே தெரியாமல் வையுங்கள். வண்டலூரிலும் பன்னேருகட்டாவிலும் கூண்டுக்கு வெளியே திரியும் குரங்குகள் பிளாஸ்டிக் சத்தம் கேட்டாலே வந்துவிடும்.