யூதர்கள் அதிகம் வாழாத, போலந்தின் கிராகோவ் நகரில் யூதப் பண்பாட்டு விழா நடத்துவது சுற்றுலாப் பயணிகளுக்காகத்தானா? போய்ப் பார்க்கத் தகுந்ததா?

சுற்றுலாவுக்காக இல்லை. கட்டாயம் போய்ப் பாருங்கள்.

வேலை நிமித்தம் இந்த ஊரில் குடியிருக்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் ஜூன் கடைசியில் இந்த விழா எப்போது தொடங்கும் என்று காத்திருப்பவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் விழா நடந்தது 1988-இல். போலந்தில் அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சி. விழா நடக்கும் காஜிமியெஷ் பகுதி காரை பெயர்ந்த வீடுகளும் பூட்டிக் கிடந்த ஜெப ஆலயங்களுமாக இருந்த காலம் அது. அங்கே சுற்றுலா வரும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க முடியாது. தொடங்கிய யானுஷ் மாகுஹ், கிஷிஷ்டோஃப் கியெராட் இருவருமே யூதர்கள் அல்லர். மாகுஹ் புவாவி என்ற சிற்றூரில் வளர்ந்தவர். போருக்கு முன் அந்த ஊரில் ஏராளமான யூதர்கள் வாழ்ந்தார்கள் என்பதே அவருக்குப் பதின்வயதில், ஒரு பெரியவர் சொல்லித்தான் தெரியும். பள்ளியிலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. ஒரு ஊரே தன் மக்களில் பெரும்பகுதியை மறந்துவிட்டு நடமாடுகிறது என்றால் அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்! இந்த விழாவுக்கு வித்து அங்கேதான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

கிராகோவ் இழந்ததும் சிறிய கூட்டத்தை அல்ல. காஜிமியெஷ் 1335-இல் மன்னர் மூன்றாம் காஜிமியெஷ் தனி நகரமாக நிறுவியது. 1495-இல் கிராகோவ் யூதர்கள் அங்கே குடிபெயர வைக்கப்பட்டார்கள். அஷ்கனாசி யூதர்கள், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்தவர்கள், இன்றும் பின்பற்றும் சமய விதிகளுக்கு உரைக்குறிப்பு எழுதிய மோசஸ் இசர்லஸ் 16-ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்தவர். அவர் பெயரால் அறியப்படும் ரெமு ஜெப ஆலயத்தில் இன்னும் வழிபாடு நடக்கிறது. 1939-இல் நகர மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் யூதர், சுமார் 60,000 பேர். 1941 மார்ச்சில் நாஜிகள், வெளியேற்றியது போக நகரில் மிஞ்சியவர்களை விஸ்துலா ஆற்றுக்கு அக்கரையில் போட்குஜே பகுதியில் கெட்டோ என்ற அடைப்பிடத்தில் பூட்டிவைத்தார்கள். 1943 மார்ச்சில் அந்த கெட்டோவையும் காலி செய்து, மிச்சமிருந்தவர்களில் வேலை செய்யக்கூடியவர்களை பிளாஷுஃப் முகாமுக்கு அனுப்பினார்கள், பலரை அங்கேயே சுட்டார்கள், மற்றவர்களை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். போருக்குப் பின் நாட்டில் எஞ்சியிருந்தவர்களிலும் 1968-இல் அரசே நடத்திய யூத எதிர்ப்புப் பிரசாரத்தால் குறைந்தது 13,000 பேர் வெளியேறினார்கள்.

"யூதரல்லாதவர்கள் நடத்துவது எப்படி யூத விழா ஆகும்?" என்ற கேள்வி நியாயமானதுதான். என் பதில்: மேடையில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஏற்பாடு போலந்துக்காரர்களுடையது. பாடுவதும் வாசிப்பதும் கற்றுக்கொடுப்பதும் பெரும்பாலும் நியூயார்க், ஜெருசலேம் போன்ற இடங்களிலிருந்து வரும் யூதக் கலைஞர்கள். ஓய்வு நாளில் விளக்கேற்றக் கூடாத யூத வீட்டில், யூதரல்லாத பக்கத்து வீட்டார் வந்து ஏற்றிக் கொடுப்பது பழைய வழக்கம். தாமும் அப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று மாகுஹ் தம்மைச் சொல்லிக்கொள்வார். எனக்கு அது பணிவுப் பேச்சாகத் தோன்றவில்லை. விழாவே அந்த ஒழுங்கில்தான் நடக்கிறது.

விழாவின் புகழைப் பரப்பியது ஷெரோக்கா தெருவில் சனிக்கிழமை இரவு நடந்துவந்த 'ஷாலோம்' திறந்தவெளிக் கச்சேரி. கட்டணம் இல்லை, நள்ளிரவு தாண்டியும் போகும், ஆயிரக்கணக்கானோர் நின்றபடி ஆடுவார்கள். கிளெஸ்மர் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண இசை. கிளாரினெட் அழுவதுபோல் இழுத்துக்கொண்டே வந்து திடீரென்று துள்ளும். வயலினும் அக்கார்டியனும் துரத்தும். இந்த இசையோடு பிறந்து வளர்ந்தவர் லியோபோல்ட் கொஸ்வோவ்ஸ்கி. குடும்பத்தைப் போரில் பறிகொடுத்தவர். காஜிமியெஷ் உணவகம் ஒன்றில் முதுமையிலும் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். 2019-இல் நூறு வயதில் காலமானார்.

ஆனால் ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் நேரம் என்றால் நான் சொல்வது வேறொன்று. மியோதோவா தெருவில் உள்ள தெம்பெல் ஜெப ஆலயத்தில் கசான்கள், அதாவது தொழுகைப் பாடகர்கள், பாடுவதைக் கேளுங்கள். 1860-களின் தொடக்கத்தில் கட்டியது. பொன்முலாம் பூசிய கூரை, வண்ணக் கண்ணாடி சன்னல்கள். போரில் குதிரை லாயமாகக் கிடந்த இடம். அங்கே ஒரு மனிதக் குரல் துணை இல்லாமல் மேலே ஏறும்போது, அது எந்தக் கூடத்துக்காக உருவான பாட்டு என்று காதே சொல்லிவிடும்.

அதற்கு நிகராக நான் மதிப்பது பகல்நேரப் பயிற்சி வகுப்புகளை. ஹீப்ரு எழுத்துக்கலை, காகிதத்தை நுணுக்கமாக வெட்டிச் செய்யும் சித்திரம், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் பாட்டு, ஹசிதியர் என்ற பக்தி மரபு யூதர்களின் ஆட்டம், சமையல். ஒரு பாட்டு வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த போலந்துப் பாட்டிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். மொர்தஹாய் கெபிர்டிக்கின் பாடலை வரி வரியாக எழுதி எடுத்துக்கொண்டிருந்தார். கெபிர்டிக் இதே காஜிமியெஷில் மரவேலை செய்து பிழைத்த கவிஞர். 1942 ஜூன் 4 அன்று கெட்டோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மொழியை, அவர் தெருவிலேயே, ஒரு போலந்துக்காரர் உச்சரிக்கப் பழகுகிறார். வெறும் வேடிக்கை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

மனதை உறுத்தும் விஷயங்களும் உண்டு. ஆஷ்விட்ஸ் சுற்றுப்பயணத்தைக் கூவி விற்கும் வண்டிகளும், கையில் காசு வைத்திருக்கும் 'யூதர்' பொம்மைகளும் கண்ணில் படும். பணத்தோடு யூதரை முடிச்சுப் போடும் பழைய வெறுப்பின் எச்சம் அந்தப் பொம்மை; வாங்காதீர்கள். அவை கடைத்தெருவின் சங்கதி. விழாவின் கணக்கில் அதை எழுதுவது சரியல்ல.

"அதிகம் வாழாத" என்று நீங்கள் எழுதியதிலும் சிறு மாற்றம் வேண்டும். 2008-இல், இன்று பிரிட்டன் மன்னராக உள்ள சார்லஸ் திறந்துவைத்த யூத சமூக மையம் இங்கே சுறுசுறுப்பாக இயங்குகிறது. தாத்தா பாட்டி யூதர் என்று காலம் கடந்து தெரிந்துகொண்டவர்களும் அங்கே வருகிறார்கள். ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவிலிருந்து கிராகோவ் வரை சைக்கிள் பயணம் ஒன்றை 2014 முதல் அந்த மையம் நடத்துகிறது. விழாவை ஒட்டிய நாட்களில்தான் அதுவும் நடக்கும்.

வருவதானால் பயிற்சி வகுப்புகளுக்கு முதலிலேயே பதிவு செய்துவிடுங்கள், சீக்கிரம் நிரம்பிவிடும். ரெமுவும் அதன் பழைய கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமை திறக்காது; அதை வெள்ளி காலையில் பார்த்துவிடுங்கள். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். பசித்தால் பக்கத்திலேயே பிளாட்ஸ் நோவி சதுக்கம். நீள ரொட்டியைப் பிளந்து காளானும் சீஸும் போட்டுச் சுட்ட ஸாபியெகான்கா நடு இரவிலும் கிடைக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கும் கவலை இல்லை.