'இதில் கோதுமை இருக்கா?' என்று கேட்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 32. எட்டு மாதங்களுக்கு முன்பு எண்டோஸ்கோபி, பயாப்ஸி எல்லாம் செய்து சீலியாக் நோய் என்று சொன்னார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய் இது. அன்றிலிருந்து வீட்டில் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான். வயிற்று உபாதை குறைந்து, எடையும் 5 கிலோ கூடியிருக்கிறது. அடுத்த மாதம் அலுவலக வேலையாகப் பத்து நாள் வெளிநாடு போகிறேன். மொழி தெரியாத ஊர், மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பிட வேண்டும். "பத்து நாள்தானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன ஆகிவிடும்?" என்கிறார் நண்பர். சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொண்டால் குளூட்டனைச் செரித்துவிடும் மாத்திரை இருப்பதாகவும் சொல்கிறார். உண்மையா? எப்படிச் சமாளிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அப்படிச் சில மாத்திரைகள் விற்பனையில் இருக்கின்றன. குளூட்டனில் ஒரு பகுதியை அவை உடைக்கலாம். ஆனால் சீலியாக் நோயாளியின் குடலை அவை காப்பாற்றும் என்று யாரும் இன்றுவரை நிரூபிக்கவில்லை. அதை நம்பி ஒரு துண்டு பீட்சாகூடச் சாப்பிட வேண்டாம். வாங்கவே வேண்டாம் என்பேன். கையில் இருந்தால் மனம் தளரும்.

நண்பர் சொன்ன 'பத்து நாள்தானே' கணக்குக்கு வருவோம். ஒரு துண்டு பிரட்டில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கும். அந்தத் துண்டை நாற்பது பங்காகக் கிள்ளினால் ஒரு பங்கில் இருப்பது 50 மில்லிகிராம். நோய் கட்டுக்குள் இருந்தவர்களுக்கு இந்த அளவைத் தினமும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், சிறுகுடல் சுவரில் விரல் விரலாக நிற்கும் குடலுறிஞ்சிகள் மறுபடி தேயத் தொடங்கியது தெரிந்தது. பிரட் அறுத்த பலகையைத் துடைத்தால் கையில் ஒட்டுகிறதே, அந்தத் தூள்தான் நம் கணக்கு. ஒரு முறை தவறிவிட்டால் எட்டு மாத முன்னேற்றமும் போச்சு என்று பயமுறுத்த மாட்டேன், அப்படி ஆகாது. ஆனால் பெரியவர்களுக்குக் குடல் முழுதாக ஆற ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும். உங்களுடையது இன்னும் ஆறிக்கொண்டிருக்கிற புண். தெரிந்தே அதைக் கிளறுவானேன்? அதுவும் போன இடத்தில் வேலையை விட்டுவிட்டு இரண்டு நாள் கழிவறையே கதி என்று கிடப்பது யாருக்கு வேண்டும்?

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பு பிடிபட்டதே ஒரு பஞ்சத்தின்போதுதான். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், நெதர்லாந்தில் ரொட்டிக்குக் கடும் தட்டுப்பாடு. எல்லாக் குழந்தைகளும் வாடிய அந்த மாதங்களில் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் பழையபடி சுருண்டார்கள். வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் ஏற்கெனவே ரொட்டி மீது சந்தேகத்தோடு இருந்தவர், இதைப் பார்த்து உறுதியானார். உணவுதான் இந்த நோய்க்கு மருந்து என்ற நிலை இன்றும் மாறவில்லை. பயணத்துக்கு என்று தனி மருந்து எதுவும் இல்லை.

சரி, ஓட்டலுக்குள் போவோம். எல்லோரும் செய்கிற தவறு, "இதில் கோதுமை இருக்கா?" என்று கேட்பது. பரிமாறுபவர் இல்லை என்பார். பொய் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை இல்லை. சூப்பைக் கெட்டியாக்க ஒரு கரண்டி மாவு கரைத்து ஊற்றியது அவர் கணக்கில் கோதுமையே அல்ல. சோயா சாஸ் சோயாவில் செய்தது என்றுதான் அவருக்குத் தெரியும். வழக்கமான ஜப்பானிய சோயா சாஸில் சோயாவுக்குச் சமமாகக் கோதுமையும் சேர்கிறது. ஆம்லெட் புசுபுசுவென்று வர சில இடங்களில் முட்டையோடு பான்கேக் மாவு கலப்பார்கள். நண்டுக் குச்சி என்று வருவது மீன் விழுதோடு பெரும்பாலும் கோதுமை மாவுச்சத்து சேர்த்துச் செய்வது.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். "இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். மீனை மாவில் புரட்டுவீர்களா, சாஸ் பாட்டிலில் வருவதா இங்கே செய்வதா, இந்த எண்ணெயில் வேறு என்ன பொரிப்பீர்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். என்னிடம் வரும் ஒருவர், உங்களைப் போலவே புதிதாகக் கண்டறியப்பட்டவர், வெளியூரில் மூன்று நாள் வறுத்த மீனைத் தவிர்த்து, சாஸைத் தவிர்த்து, வெறும் உருளைக்கிழங்கு சிப்ஸும் சாலடுமாக ஓட்டியிருக்கிறார். மூன்று நாளும் வயிறு உப்பி வலி. கடைசியில் விசாரித்தால், பிரட் தூள் தோய்த்த கோழி பொரிந்த அதே சட்டியில்தான் சிப்ஸும் பொரிந்திருக்கிறது. போதாக்குறைக்கு சாலடின் மேல் தூவி வந்த வறுத்த பிரட் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டிருக்கிறார். தட்டு அப்படி வந்தால் பொறுக்கக் கூடாது, திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பினாலும் உள்ளே போய் அதே சாலடில் அந்தத் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். புதிதாகப் போடச் சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

மொழி தெரியாத ஊரில் இவ்வளவையும் எப்படிக் கேட்பது? அந்த ஊர் மொழியில் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'குளூட்டன்' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாதீர்கள், பல சமையலறைகளில் அது யாருக்கும் புரியாது. கோதுமை, பார்லி, ரை என்று மூன்று தானியத்தையும் பெயர் சொல்லி எழுதுங்கள். மாவு, பிரட் தூள், சோயா சாஸ், மால்ட் (பெரும்பாலும் முளைகட்டிய பார்லி), பீர் என்று அவை ஒளிந்திருக்கும் இடங்களையும் எழுதுங்கள். சுத்தமான பாத்திரம், தனி எண்ணெய், கழுவிய கத்தி வேண்டும் என்பது அடுத்த வரி. அரிசி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், முட்டை, காய்கறி, பழம், மசாலா தடவாத மீன், இறைச்சி சாப்பிடுவேன் என்று முடியுங்கள். வேண்டாததை மட்டும் எழுதினால் சமையல்காரர் கையைப் பிசைவார். வேண்டியதையும் சொன்னால் அவருக்கே ஒரு யோசனை வரும். மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டி எடுத்ததை அப்படியே அச்சடிக்காமல், அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். பார்லியும் ஓட்ஸும் இடம் மாறியிருந்தால் கண்டுபிடிக்க உங்களால் முடியாது. சீட்டை உள்ளே, சமைப்பவர் கையில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டம் சேரும் முன்பே சாப்பிடப் போனால் அவருக்கும் அதைப் படிக்க நேரம் இருக்கும்.

'அலர்ஜி' என்று சொல்லலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மருத்துவக் கணக்கில் சீலியாக் அலர்ஜி அல்ல, உடலின் எதிர்ப்பு சக்தி தன் குடலையே தாக்கும் நோய். ஆனால் ஓட்டல்காரரிடம் பாடம் நடத்த நேரம் ஏது? அலர்ஜி என்றால் நிமிர்ந்து உட்காருகிறார் என்றால் அலர்ஜி என்றே சொல்லுங்கள், நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தங்கும் விடுதியின் காலைச் சாப்பாடு தனிக் கதை. பஃபே மேசையை ஒரு நிமிடம் நின்று கவனியுங்கள். வெண்ணெய்க் கிண்ணத்தில் பழுப்பாகப் புள்ளி புள்ளியாக ஏதோ ஒட்டியிருக்கும். முன்னால் போனவர் பிரட்டில் தடவிய கத்தியை மறுபடி உள்ளே விட்டிருக்கிறார். பிரட் கூடையில் இருந்த இடுக்கி ஐந்து நிமிடத்தில் பழத்தட்டுக்கு வந்திருக்கும். குளூட்டன் இல்லாத பிரட்டைத் தனியாக வைத்திருப்பார்கள், சுடுவதற்கோ எல்லோருக்கும் ஒரே டோஸ்டர். ஓட்டோடு அவித்த முட்டை, தோலோடு இருக்கும் பழம், மூடி பிரிக்காத தயிர், சின்னப் பொட்டலத்தில் வரும் வெண்ணெய், இவை போதும். முதல் நாள் இரவே சொல்லிவைத்தால் சமையலறையிலிருந்தே தனியாக எடுத்துத் தருவார்கள். முடிந்தால் சின்ன அடுப்பும் குளிர்பெட்டியும் உள்ள அறையாகப் பாருங்கள். ஒரு வேளை உங்கள் கையால் சமைத்தாலே பாதி பாரம் குறையும். அங்கே இருக்கும் பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள், பாஸ்தா வடிகட்டும் சல்லடையைத் தொடாதீர்கள்.

அரிசியும் சோளமும் புழங்கும் சமையல்கள் நமக்குத் தோது என்பது சரிதான், கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மக்காச்சோள ரொட்டி சுடும் கல்லிலேயே கோதுமை ரொட்டியும் வேகும். பக்வீட் என்பதன் பெயரில்தான் கோதுமை, அதில் குளூட்டன் கிடையாது. ஆனால் அந்த மாவில் செய்யும் ஜப்பானிய சோபா நூடுல்ஸில் பெரும்பாலும் கோதுமை கலந்திருக்கும். நேர்மாறாக ஸ்பெல்ட், கமுட், டூரம், செமோலினா, கூஸ்கூஸ், புல்கர் என்று எத்தனை பெயரில் வந்தாலும் அத்தனையும் கோதுமை. தண்ணீருக்குப் பதில் தேநீர் ஊற்றினால் என்ன தேநீர் என்று கேளுங்கள், பார்லித் தேநீர் ஜப்பானிலும் கொரியாவிலும் சாதாரணம்.

பொட்டலத்தில் அடைத்த உணவில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸும் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் 'குளூட்டன் இல்லாதது' என்று போட ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு என்கின்றன. இந்த அளவு உங்களுக்குப் பாதுகாப்பானது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் கறார். சோதனையில் குளூட்டனே தென்படக் கூடாது, ஓட்ஸும் சேரக் கூடாது. ஐரோப்பாவில் 'மிகக் குறைந்த குளூட்டன்' என்று ஒரு வாசகம் உண்டு. அது கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை, உங்களுக்கு ஆகாது. வட்டத்துக்குள் கதிரைக் குறுக்கே அடித்த முத்திரை இருந்தால் தைரியமாக எடுக்கலாம்.

ஒரு நுணுக்கம். ஐரோப்பாவில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களில் குளூட்டன் உள்ள தானியங்கள் எல்லாம் அடங்கும், ஓட்டல்களும் கேட்டால் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பொட்டலத்தில் கோதுமையைச் சொல்வது கட்டாயம், பார்லிக்கும் ரைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஆக அங்கே 'கோதுமை இல்லை' என்றால் மால்ட் இருக்கலாம்.

விமானத்தில் 'ஜிஎஃப்எம்எல்' என்ற குறியீட்டோடு சிறப்புச் சாப்பாடு கேட்டுப் பதியுங்கள். குறைந்தது 24 மணி நேரம் முன்பு, சில நிறுவனங்களுக்கு இன்னும் முன்பே சொல்ல வேண்டும். திரும்பும் பயணத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். பெட்டிக்குள் இருப்பது சரியாகவே இருக்கும், எல்லோருக்கும் வைக்கிற பன்னை உங்கள் தட்டிலும் ஒன்று வைத்துவிட்டுப் போவார்கள்! கைப்பையில் இரண்டு வேளைக்கு உலர்ந்த உணவு வைத்துக்கொள்ளுங்கள். பழம், பால், இறைச்சி சார்ந்தவற்றைப் பல நாடுகளின் சுங்கத்தில் தடுப்பார்கள், கடையில் வாங்கிப் பிரிக்காத பொட்டலமே நல்லது. நோயின் பெயரையும் தவிர்க்க வேண்டியதையும் எழுதி உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிச் செல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு உள்ளே போய்விட்டால்? பெரும்பாலும் சில மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, வயிற்று வலி, பேதி, மண்டை மந்தம் என்று தெரியவரும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது, அதனால் 'எனக்கு ஒத்துக்கொண்டது' என்ற முடிவுக்கு வராதீர்கள். வாந்தி எடுக்க முயல வேண்டாம், முறிமருந்தும் கிடையாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கைந்து கொண்டுபோய், ஒவ்வொரு முறை பேதியாகும்போதும் குடியுங்கள். ஓரிரு நாள் எளிய சாப்பாடு, பாலைத் தள்ளிவையுங்கள். குடல் ஆறாத நிலையில் பால் சர்க்கரை செரிக்காமல் உப்புசத்தைக் கூட்டும்.

அப்புறம், பயணத்தில் வரும் எல்லா வயிற்றுப்போக்குக்கும் குளூட்டன் மீது பழி போடாதீர்கள். கெட்டுப்போன சாப்பாடும் தண்ணீரும் எல்லோரையும் போல உங்களையும் பிடிக்கும். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மலத்தில் ரத்தம், தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது, விடாத வலி, இதில் எது வந்தாலும் அங்கேயே மருத்துவரைப் பாருங்கள். உதடு வீங்கி மூச்சு இறுக்கினால் அது சீலியாக்கே அல்ல, அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

திரும்பி வந்ததும் பதறி ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டாம். ஒரு நாள் சறுக்கலை, சீலியாக்குக்காக ரத்தத்தில் எடுக்கும் டிடிஜி என்ற எதிர்ப்புப்பொருள் பரிசோதனை பெரும்பாலும் காட்டாது. சரியாக வந்தால் வீண் நிம்மதி, அவ்வளவுதான். எட்டு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். ஆறாவது மாதப் பரிசோதனையை எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கிளம்பும் முன் எடுத்து, கூடவே இரும்புச்சத்து, வைட்டமின் டி, பி12 அளவுகளையும் பார்த்துவிடுங்கள். அடுத்தது பன்னிரண்டாவது மாதத்தில்.