ஊருக்கு லெட்டர் எழுதுற தம்பிக்கு

கேள்வி: அக்கா, எனக்கு 44 வயசு, சிங்கப்பூர்ல ஈசூன்ல இருக்கோம். சின்னதா ஏர்கான் சர்வீஸ் கம்பெனி நடத்துறேன், ஆறு பேர் வேலை பாக்குறாங்க. நானும் மனைவியும்தான் டைரக்டர், செக்ரட்டரியும் அவதான், சம்பளம், சிபிஎஃப்ங்கற சேமநிதிக் கணக்கு எல்லாம் அவ பாத்துக்குவா. பத்து வருஷமா நான் தொகுதி வேலையில இருக்கேன். திங்கக்கிழமை ராத்திரி எம்பியோட மக்கள் சந்திப்புல உதவி கேட்டு வர்றவங்களுக்கு லெட்டர் எழுதிக் குடுப்பேன், புதன்கிழமை கமிட்டி மீட்டிங், சனி ஞாயிறு ஏதாவது நிகழ்ச்சி. இப்ப கமிட்டித் தலைவரா வரச் சொல்றாங்க. மக இந்த வருஷம் பிஎஸ்எல்இ, அதான் தொடக்கப்பள்ளி முடிக்கிற பொதுத் தேர்வு, எழுதுறா. கம்பெனியோட ஆனுவல் ரிட்டர்ன, அதான் வருஷா வருஷம் அரசாங்கத்துக்குக் குடுக்குற அறிக்கைய, நான் ஃபைல் பண்றேன்னு சொல்லிட்டு தேசிய தின விருந்து வேலையில மறந்துட்டேன். கம்பெனிகளப் பாத்துக்குற அரசு அமைப்பான அக்ராவோட லெட்டர் மேசையில பிரிக்காமலே கெடந்தத மனைவி பாத்துட்டு, "ஊருக்கெல்லாம் லெட்டர் எழுதுறீங்க, நமக்கு வந்தத பிரிக்க நேரமில்ல"ன்னு சொன்னா, அதுல இருந்து சரியா பேசுறதில்ல. நான் எதை விடறது?

பதில்: தம்பி, எதை விடறதுங்கறத அப்புறம் பாப்போம், மொதல்ல அந்த ரிட்டர்ன ஃபைல் பண்ணுங்க. டிசம்பர் 31ல கணக்கு முடிக்கிற கம்பெனிக்கு ஏழு மாசம் டைம், ஜூலை 31 கடைசி. அதுக்கப்புறம் மூணு மாசத்துக்குள்ள ஃபைல் பண்ணா 300 வெள்ளி (டாலர்) அபராதம், அதையும் தாண்டினா 600. காசு போனா போகுது, ஆனா இந்த மாதிரி ஃபைலிங் தப்புக்கு அஞ்சு வருஷத்துல மூணு தடவை கோர்ட்ல குற்றவாளின்னு ஆயிட்டா டைரக்டரா இருக்கவே தடை வந்துடும். டைரக்டர்னு பேர் இருக்கிறது உங்களுக்கு மட்டும் இல்ல, உங்க மனைவிக்கும்தான். நீங்க மறந்ததுக்கு அவங்க பேரும் சேர்ந்து மாட்டும். "அவ பாத்துக்குவா"ன்னு ரெண்டே வார்த்தையில நீங்க எழுதிட்டுப் போன இடத்துலதான் எனக்கு மனசு நின்னுச்சு.

ஏன்னு சொல்றேன். ஆர்சின்னு, அடுக்குமாடி வீட்டுக்காரங்களுக்கான வசிப்போர் குழு ஒன்னு 1978ல ஆரம்பிச்சாங்க இல்லையா, கொஞ்ச வருஷத்துல எங்கப்பா எங்க புளோக் கமிட்டியில சேர்ந்துட்டாரு. அப்ப கைப்பேசி ஏது, எல்லாரும் வீட்டு நம்பருக்குத்தான் அடிப்பாங்க. அப்பா வேலைக்குப் போயிருப்பாரு, அம்மாதான் எடுப்பாங்க. லிஃப்ட் நின்னுபோச்சு, மேல் வீட்டுல இருந்து தண்ணி ஒழுகுது, எதிர்வீட்டுப் பாட்டிய ரெண்டு நாளா காணோம், இப்படி எது வந்தாலும் என்னோட பழைய பள்ளிக்கூட நோட்டோட பின்பக்கத்துல பேர், மாடி நம்பர், மணி எல்லாம் எழுதி வச்சு, அப்பா வந்து சட்டைய கழட்டறதுக்குள்ள வாசிச்சுக் காட்டுவாங்க. அப்பாவுக்கு ஊர்ல நல்ல பேரு, கேடயம் கூட குடுத்தாங்க. அந்த நோட்டப் பத்தி யாரும் கேட்கல, அப்பாவும் சொல்லல. எங்கப்பா நல்ல மனுஷன்தான், ஆனா அது இன்னும் எனக்கு உறுத்துது தம்பி.

அதுக்காக தொகுதி வேலைய விடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். இங்க மக்கள் சந்திப்ப 1955ல முதலமைச்சரா இருந்த டேவிட் மார்ஷல் ஆரம்பிச்சாரு, இத்தனை வருஷம் அது ஓடுறதே உங்கள மாதிரி வேலை முடிச்சு சாப்பிடாமக்கூட வந்து ஒக்கார்ற ஆளுங்களாலதான். வாடகை பாக்கி, வேலை போயிடுச்சு, அபராதம் கட்ட முடியலன்னு வர்றவங்களுக்கு, அதுலயும் இங்கிலீஷ்ல எழுதத் தெரியாத நம்ம பெரியவங்களுக்கு, தமிழ்ல கேட்டு எழுதிக் குடுக்க ஒரு ஆள் இருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். திங்கக்கிழமைய வச்சுக்கோங்க.

தலைவர் பதவி மட்டும் இப்ப வேணாம். மக்கள் சந்திப்புல உங்க நாற்காலியில இன்னொருத்தர் ஒரு வாரம் ஒக்காரலாம், தலைவர்னு வந்துட்டா ராத்திரி பத்து மணிக்கும் போன் வரும், கமிட்டிக்குள்ள ரெண்டு பேருக்கு மனஸ்தாபம்னாலும் உங்ககிட்டதான் வருவாங்க. உங்க வருஷத்தக் கொஞ்சம் பாருங்க. ஜூலை கடைசியில ரிட்டர்ன், ஆகஸ்ட்ல தேசிய தின விருந்து, அதே மாசம் பிள்ளைக்கு வாய்மொழித் தேர்வு, செப்டம்பர் கடைசியில எழுத்துத் தேர்வு, அது முடிஞ்சா தீபாவளி நிகழ்ச்சி, நவம்பர் 30க்குள்ள கம்பெனி வருமான வரி. எல்லாம் ஒரே அஞ்சு மாசத்துல வந்து முட்டுது. வாய்மொழித் தேர்வு அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னு லெட்டர்ல இல்ல, அதைக் கேக்கணும்னு தோணுது. கூப்பிட்டவங்ககிட்ட "பிள்ளைக்குப் பரீட்சை, அடுத்த வருஷம் பேசுவோம்"னு நேரா சொல்லுங்க, இந்த ஊர்ல பிஎஸ்எல்இன்னா புரிஞ்சுக்காத ஆளே கிடையாது. தேர்வு முடியற வரைக்கும் புதன்கிழமை மீட்டிங்குக்கும் லீவு சொல்லிடுங்க.

இப்ப மனைவி விஷயம். அவங்க கம்பெனியில செய்யறது முழு வேலை. மாசக் கடைசிக்கு சிபிஎஃப் கட்டணும், அதிகபட்சம் அடுத்த மாசம் 14ஆம் தேதி, தாண்டினா மாசத்துக்கு 1.5 சதவீதம் வட்டி. இத இத்தனை நாளா யாருக்கும் தெரியாம ஒருத்தர் சரியா ஓட்டிட்டு இருக்காங்க, அவங்களுக்குச் சம்பளம் போடுறீங்களா? லெட்டர்ல இல்ல, அதனால இல்லன்னுதான் நெனைக்கிறேன். போடுங்க. டைரக்டர் ஃபீஸ்னு குடுத்தா அதுக்கு சிபிஎஃப் கெடையாது, சம்பளமா குடுத்தா அவங்க கணக்குல சிபிஎஃப் ஏறும், நாளைக்கு அவங்க பேர்ல ஒரு காசு நிக்கும். இல்ல, எனக்கு இதெல்லாம் வேணாம், என் பேர எடுத்துடுங்கன்னு அவங்க சொன்னா அதுக்கும் நீங்க சரின்னு சொல்லணும். அப்ப வேற செக்ரட்டரி போடணும், ஏன்னா ஒரே டைரக்டர்னா அவரே செக்ரட்டரியா இருக்க முடியாது. செக்ரட்டரி வேலைக்கு வெளிக் கம்பெனிக்காரங்க இருக்காங்க, வருஷத்துக்குச் சில நூறு வெள்ளியில பாத்துக்குவாங்க. எதுவா இருந்தாலும் அவங்கள கேட்டு முடிவு பண்ணுங்க, நீங்களா ஒன்ன முடிவு பண்ணிட்டு வந்து சொல்லாதீங்க.

மன்னிப்பு கேக்குறதுக்கு பூ, ஸ்வீட்டுன்னு வாங்கிட்டுப் போய் நிக்காதீங்க. வர்ற திங்கக்கிழமை ஒரு நாள் மட்டும் வர முடியலன்னு மெசேஜ் போட்டுட்டு சீக்கிரம் வீட்டுக்கு வாங்க. பிள்ளை படிக்கிற மேசையிலயே நீங்களும் ஒக்காந்து, அரசாங்க இணையச் சேவைக்கான சிங்பாஸ் கணக்குல உள்ள போய் ரிட்டர்ன ஃபைல் பண்ணுங்க, 300 வெள்ளிய கட்டுங்க. தெரியாத எடத்துல அவங்கள கேளுங்க, அவங்க சொல்லுவாங்க.