குறட்டை விடும் பக்: மலையிறங்கும் முன்

கேள்வி: எங்கள் பக் நாய்க்கு இரண்டு வயது. குட்டியிலிருந்தே குறட்டை விடுவான். படி ஏறினால் இளைப்பான். குன்னூர் குளிருக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள். மே மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கோவை போகிறோம். அவனையும் கூட்டிப் போகலாமா?

பதில்: மே மாதம் வேண்டாம். தெரிந்தவர்கள் யாரிடமாவது குன்னூரிலேயே விட்டுச் செல்லுங்கள்.

'பக் என்றால் குறட்டை விடத்தான் செய்யும்' என்று விட்டுவிடுவதுதான் எனக்கு வேதனை. முகம் குட்டையாக வேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம் இது. எலும்பு சுருங்கிய அளவுக்கு உள்ளே சதை சுருங்கவில்லை. அண்ணத்தின் பின்னால் தொங்கும் சதை நீண்டு மூச்சு வழியை அடைக்கிறது. நீங்கள் கேட்கும் குறட்டை அந்தச் சதை அதிரும் சத்தம். சில குட்டிகளுக்கு மூச்சுக்குழாயே சிறுத்திருக்கும். முக்கி முக்கி மூச்சிழுத்து, நாளடைவில் குரல்வளையும் தொய்ந்துபோகும். அதனால் தள்ளிப்போடக் கூடாது.

காலைக் குளிரில், அவன் வாய் மூடிப் படுத்திருக்கும்போது, ஓர் எவர்சில்வர் தட்டை மூக்கருகே பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஆவி படிய வேண்டும். ஒரு பக்கம் படியவே இல்லை என்றாலோ, துவாரம் கீறல்போல ஒடுங்கியிருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாய் தன் உடல் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் ஆற்றும். வழி அடைத்த நாயால் அது முடியாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்குகிறோம்; பர்லியாறு தாண்டும்போதே வெக்கை முகத்தில் அடிக்கும். நாயின் இயல்பான சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு நீலம் பாய்ந்தாலோ, தள்ளாடினாலோ உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

துவாரத்தை அகலமாக்கி, நீண்ட அண்ணச் சதையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. இரண்டு வயது அதற்கு நல்ல வயதுதான். ஆனால் இந்த நாய்களுக்கு மயக்கம் தெளியும் நேரம்தான் ஆபத்தானது. ஆக்ஸிஜன் இருக்கிறதா, முழுதாக விழிக்கும்வரை பக்கத்தில் ஆள் இருப்பார்களா என்று கேட்காமல் தேதி குறிக்காதீர்கள்.

கழுத்துப் பட்டையை இன்றே கழற்றிவிட்டு மார்பில் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். எடையும் பாருங்கள்: விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் தீனியைக் குறைக்க வேண்டும். டீயில் நனைத்த வர்க்கி கொடுக்கும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து அதை முதலில் நிறுத்துங்கள்.